முப்பத்தாறு படங்கள்

சித்தூரில் என் ஆயாவின் வீட்டுக் கூடத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. பாட்டியை ஆயா என்று அழைப்பது சித்தூர், வேலூர்ப் பக்கத்து வழக்கம். அந்தப் படத்தில் மொட்டைத் தலையுடன் ஐவர் வரிசையாக நிற்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் மலைகளும் ஒரு கோபுரமும் எழுந்து நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் மலையின் அடியில் ஒரு துணி மடிப்புத் தெரியும். திருப்பதியில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில், மலை வரைந்த திரைக்கு முன் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. முடி காணிக்கை செலுத்திவிட்டு வரும் குடும்பங்கள் அவ்வாறு படம் எடுத்துக்கொள்வதுண்டு. வரிசையின் கடைசியில், விளக்கொளியில் கண் கூச நிற்கும் எட்டு வயதுச் சிறுமிதான் என் ஆயா.

நான் பிறந்து வளர்ந்தது நாகபுரியில். அப்பாவுக்கு அங்கே மத்திய அரசுப் பணி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று என் நாள்கள் கழிந்தன. என் தமிழ் சாப்பாட்டுக்கும் உறவுக்கும் கோபத்துக்கும் போதுமானதாக இருந்தது; அதைத் தாண்டினால் திணறும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டுச் சேமிப்பில் ஒரு நல்ல கேமரா வாங்கினேன். அச்செய்தியை ஆயாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருமலையைப் படம் எடுத்து வா, கண்ணு. என் முழங்கால் இனி ஏறாது," என்றார்.

எனக்கு அது எளிய வேலையாகத் தோன்றியது. ஆயிரம் படங்கள் எடுத்துவிடலாம், அவற்றுள் பத்தாவது நன்றாக அமையும் என்று எண்ணினேன். எனினும் ஊர் புதிது. எந்த இடத்தில் எந்த வேளையில் ஒளி நன்றாக விழும் என்பது உள்ளூரில் இருப்பவர்க்கே தெரியும். ஆகவே, ஒருநாள் முழுவதும் உடன் வந்து இடங்களைக் காட்டிப் படம் எடுக்கவும் கற்பிக்கும் ஒளிப்படக் கலைஞர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் திருப்பதியில் முன்பு படப்பிடிப்பு நிலையம் நடத்தியவர். எல்லார் கையிலும் கைப்பேசி வந்தபின் நிலையத்தை மூடிவிட்டு, என்னைப் போன்றவர்களை அழைத்துச் செல்லும் தொழிலுக்கு மாறியிருந்தார். தாய்மொழி தெலுங்கு. தமிழும் சரளமாகப் பேசினார். திருப்பதியில் அது வியப்புக்குரியதன்று.

மாசி மாதத்து விடியற்காலை. வண்டியில் ஏறியதும் அவர் இரண்டு கட்டளைகள் இட்டார்.

"தம்பி, அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் 36 படங்கள்தாம் எடுக்க முடியும். இன்று உங்களுக்கும் 36 தான். எடுத்து அழித்தாலும் அது கணக்கில் சேரும்."

இரண்டாவது கட்டளை இன்னும் விந்தையாக இருந்தது. பொத்தானை அழுத்துவதற்கு முன், நான் என்ன பார்க்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். எந்த மொழியில் சொல்வது என்று கேட்டேன். "நீங்கள் தமிழர் என்றுதானே தொலைபேசியில் சொன்னீர்கள்?" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடியே.

முதலில் சென்ற இடம் ஏர்ப்பேடு அருகே, சுவர்ணமுகி ஆற்றங்கரைப் பகுதியில் உள்ள குடிமல்லம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயில் சிறியது; ஆனால் அதன் கருவறையில் இருக்கும் இலிங்கம் இந்தியாவின் மிகப் பழைய இலிங்கங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அக்கல்லின் முகப்பில், வேட்டுவனைப் போன்ற தோற்றத்தில் சிவன் நிற்கிறார். அது கிறித்து பிறப்பதற்கு முன் செதுக்கப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கருவறை மற்ற மண்டபங்களைவிடத் தாழ்ந்து அமைந்திருக்கிறது. வெளியே விமானம் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கிறது. இத்தகைய அமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். உள்ளே கேமராவை எடுக்கவில்லை. நின்று வணங்கிவிட்டு வெளியே வந்தோம்.

வெளிச் சுவரைக் காட்டி, "இதை எடுங்கள்," என்றார்.

எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. வெயில் நேராக விழுந்த கல் அது. சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே தேய்ந்திருந்தது. "சுவர்… பழைய சுவர்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை எடுத்தார். சுவரில் நிழல் விழுந்திருந்த பகுதிக்குச் சென்று, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, சூரிய ஒளியைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பாய்ச்சினார். மறுகணம் கல்லிலிருந்து எழுத்துகள் எழுந்தன. வரிவரியாக எழுந்தன. ஒவ்வொரு எழுத்தின் ஒரு பக்கத்தில் ஒளியும் மறு பக்கத்தில் நிழலும் நின்றன.

இதில் மாயம் ஏதும் இல்லை. நேரே விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக நிரப்பிவிடும். சாய்ந்து விழும் ஒளியோ சிறிய பள்ளத்துக்கும் ஒரு நிழலைத் தந்துவிடும். கல்வெட்டுகளைப் படம் எடுப்போர் இம்முறையைத்தான் கையாள்கின்றனர். காரணம் தெரிந்த பின்பும் என் வியப்பு குறையவில்லை.

"படியுங்கள்," என்றார்.

பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அக்கோயிலில் உள்ளன. அவற்றில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருப்பது அரிது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். விரலை வைத்துத் தேடினேன். ஒரு 'ப' கிடைத்தது. பிறகு ஒரு 'ட'. பிறகு ஒரு 'ய'. அறிமுகமில்லாத ஊரில் பேருந்து நிலையத்தில் நம் தெருக்காரர் மூவரைக் கண்டதுபோல இருந்தது. மற்ற எழுத்துகள் என்னைத் தெரியாததுபோலவே நின்றன. நான் அவற்றைப் படம் எடுக்கவில்லை. சொல்ல முடியாததை எடுக்கக் கூடாது என்பதுதானே கட்டளை? மூன்று எழுத்துகள் இருந்த இடத்தை மட்டும் எடுத்தேன்.

அந்த ஊரிலேயே ஒரு தவறும் செய்தேன். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மையார் ஒருவர் புளியம்பழத்தின் ஓட்டை உடைத்து, நார் நீக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகளும் பழுப்பு நிறக் குவியலும் காலை ஒளியில் அழகாக இருந்தன. கட்டளை மறந்தது, நான்கு படங்கள் எடுத்துவிட்டேன். அம்மையார் நிமிர்ந்து பார்த்து, சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வழிகாட்டி கோபப்படவில்லை. "சென்று கேளுங்கள்," என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது என்றேன். "மன்னிப்புக் கேட்க எவ்வளவு மொழி வேண்டும்?" என்றார். வாசலில் நின்று, "அம்மா" என்று அழைத்தேன். அது இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். வெளியே வந்தவரிடம் கேமராவைக் காட்டி, கைகூப்பினேன். அவர் திரையில் தம் படத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார். வேண்டாம் என்பது எந்த ஊரிலும் புரியும் அசைவுதான். அவர் பார்க்கவே நான்கு படங்களையும் அழித்தேன். பிறகு அவர் ஒரு கைப்பிடிப் புளியை என் கையில் வைத்தார். அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நண்பகலில் படம் எடுப்பது வீண். நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிவரை ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி உறங்கினோம். அப்போது என் கணக்கில் 15 படங்கள் மீதமிருந்தன.

மாலையில் சந்திரகிரிக்குச் சென்றோம். விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவுக்குப் பின் தலைநகராகக் கொண்ட கோட்டை இது. இன்றைய சென்னையின் கதையிலும் இதற்குப் பங்குண்டு. 1639 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்குக் கடற்கரையில் நிலம் வழங்கிய நாயக்கர்கள், சந்திரகிரியை ஆண்ட அரசர்களுக்கு உட்பட்டவர்கள். பெரும்பாறை ஒன்றின் அடிவாரத்தில் மூன்று அடுக்கு அரண்மனையான இராஜ மகால் நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் கட்டப்பட்டது, மரமே பயன்படுத்தப்படவில்லை. கீழே வரிசையாக வளைவுகள், மேலே கோயில் விமானங்களைப் போன்ற முடிகள். இப்போது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. முக்காலியை நிறுத்திப் படம் எடுக்கத் துறையின் முன் அனுமதி வேண்டுமாதலால், கையிலேயே கேமராவைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

முழு அரண்மனையையும் ஒரே படத்தில் அடக்க முயன்றேன். "என்ன பார்க்கிறீர்கள்?" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

"அரண்மனை."

"அது பலகையிலும் எழுதியிருக்கிறது."

மறுபடியும் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன். பிறகு, "வளைவுக்குள் வெயில் நுழைந்திருக்கிறது. தூணின் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது, பாதி இருட்டில் இருக்கிறது. ஒரு புறா இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கழுத்து மட்டும் மின்னுகிறது," என்றேன். நான் தமிழில் தொடர்ச்சியாகப் பேசிய நான்கு வாக்கியங்கள் அவை. 'மின்னுகிறது' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆயா சொன்ன ஏதோ ஒரு கதையிலிருந்து வந்திருக்கலாம். "எடுங்கள்," என்றார் அவர். எடுத்தேன். அன்றைய படங்களுள் அதுவே சிறந்தது என்பது என் எண்ணம். புறா அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததை நான் இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

சூரியன் சாயும் நேரத்தில் திருப்பதிக்குத் திரும்பினோம். நகரின் வடக்கே திருமலையின் பாறைச் சரிவுகள் மதில்போல் நிற்கின்றன. பகலில் மங்கிய காவி நிறமாகத் தெரியும் அம்மதில், மாலை ஒளி பக்கவாட்டில் படும்போது சிவந்து, ஒவ்வொரு வெடிப்பையும் காட்டத் தொடங்குகிறது. காலையில் கைக்கண்ணாடி செய்த வேலையை இப்போது சூரியன் செய்தது. மேலே இருப்பது மணற்கல் இறுகி உருவான குவார்ட்சைட்டுப் பாறை. அதன் அடியில் இருப்பது அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த கிரானைட்டு. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை மலைப்பாதையில் காணலாம். அது புவியியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இந்தச் சேசாசல மலைக்காடுகளில் செம்மரம் இயற்கையாக வளர்கிறது.

மலைக்கு ஐந்து படங்கள் செலவாயின. முப்பத்தாறாவது படத்தை மிகுந்த கவனத்துடன் வைத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கும்போது விரல் பட்டுவிட்டது. என் இடக்கால் செருப்பு அதில் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

"நாளை மலைக்கு நானே வருகிறேனே?" என்று வழிகாட்டியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், நான் கேட்டது, அவர் வருவாரா என்பதை. "மலைக்கோயிலுக்குள் கேமரா கிடையாது, தம்பி. அங்கே உங்களுக்கு நான் எதற்கு?" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

மறுநாள் அலிபிரியில் கேமராவையும் கைப்பேசியையும் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையுடன் படியேறினேன். அலிபிரியிலிருந்து மேலே செல்ல ஏறத்தாழ 3,550 படிகள், ஒன்பது கிலோமீட்டர். அடிவாரத்தில் சிலர் பெருமாளின் பாதுகைகளைத் தலைமேல் ஏந்தி மண்டபத்தை வலம் வந்தனர். படிகளில் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஒரு குடும்பம் ஏறியது. ஒவ்வொரு படியாக, ஒன்றையும் விடாமல். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் ஏறியதும் காலி கோபுரம் வந்தது. கீழே திருப்பதி நகரம் தெரிந்தது. என் வலக்கை ஆள்காட்டி விரல் தானாக வளைந்து, இல்லாத பொத்தானை அழுத்தியது. அருகில் இருந்த சிறுவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். நான் கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கோயிலின் நுழைவாயிலைக் கடந்ததும், கிருஷ்ணதேவராயரும் அவருடைய தேவியர் இருவரும் கூப்பிய கரங்களுடன் செப்புச் சிலைகளாக நிற்கின்றனர். சுவர்களெங்கும் கல்வெட்டுகள். திருமலை திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியும் அவற்றில் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத்தான் கூறுகிறது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் என்னால் ஓரெழுத்தைக்கூட நின்று பார்க்க இயலவில்லை. கருவறையில் நெய்விளக்குகளின் ஒளி மட்டுமே இருந்தது. சில நொடிகள். "ஜருகண்டி, ஜருகண்டி" என்ற குரல்கள் கேட்டன. நகருங்கள் என்பது அதன் பொருள். நகர்ந்துவிட்டேன்.

அன்று மாலை சித்தூர்ப் பேருந்தில் ஏறினேன். வழியெங்கும் மாந்தோப்புகள் பூத்திருந்தன. ஆயா பிறந்தபோது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதில் சேர்ந்தது. ஆயாவின் அண்ணன் குடியிருந்த திருத்தணியோ 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. அண்ணன் வீட்டுப் பொங்கலுக்குச் செல்லும் வழி மாறவில்லை; இடையில் ஒரு சோதனைச் சாவடி மட்டும் வந்துவிட்டது என்பார் ஆயா.

வீட்டை அடைந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தனர். கேமராவின் திரையில் மலையின் படத்தைக் கொண்டுவந்து ஆயாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை முகத்தருகே கொண்டு சென்றார், சற்று விலக்கினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வெளிச்சம் தெரிகிறது, கண்ணு. வேறொன்றும் தெரியவில்லை."

கண்ணில் நீர் அழுத்த நோய் என்று அத்தை சமையலறையிலிருந்து மெல்லிய குரலில் சொன்னார். இரண்டு ஆண்டுகளாகவே பார்வை குறைந்து வந்திருக்கிறது. தொலைவில் இருக்கும் நாங்கள் கவலைப்படுவோம் என்று சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அப்படியானால் படம் எடுத்து வரச் சொன்னது ஏன்? நான் கேட்கவில்லை. ஆயாவே சொன்னார்: "படம் எடுக்கப் போனால்தானே நீ நின்று பார்ப்பாய்? பார்த்ததைச் சொல்."

நான் மலையிலிருந்து தொடங்கினேன். "மாலை வெயிலில் பாறை சிவப்பாக இருந்தது, ஆயா."

"எந்தச் சிவப்பு? செம்மண் சிவப்பா, செங்கல் சிவப்பா?"

யோசித்தேன். "இரண்டும் இல்லை. நம் மாடியில் மிளகாய் காய வைப்பீர்களே, நன்றாகக் காய்ந்து உள்ளே விதை தெரியும்போது ஒரு நிறம் வருமே, அது."

ஆயா தலையசைத்தார். "ஆமாம். அதேதான்," என்றார். "நடுவில் ஒரு வெடிப்பு இருக்குமே, மேலிருந்து கீழே?"

இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு செடி முளைத்திருந்ததையும் சொன்னேன். எனக்குச் சொல் கிடைக்காத இடங்களில் ஆயா சொல் எடுத்துத் தந்தார். பாறை முன்னே துருத்திக்கொண்டிருந்ததை நான் கையால் காட்டியபோது, அவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "துருத்தல்" என்றார். படிகள் செங்குத்தாகும் இடத்தை எப்படிச் சொல்வதென்று தடுமாறியபோது, அந்த இடத்துக்கு முழங்கால் முறிச்சான் என்று பெயர் என்றார். புளி உடைத்த அம்மையாரைப் பற்றியும் சொன்னேன். "அழித்தாய் அல்லவா?" என்று கேட்டார். அழித்தேன் என்றேன். "கொடுத்த புளி எங்கே?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்; முகர்ந்து பார்த்து, புதுப் புளி என்று அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை சாப்பிட அழைத்தார். ஆயா எழவில்லை.

"நீ இடையிலிருந்து சொல்கிறாய். அலிபிரியிலிருந்து தொடங்கு," என்றார். "முதல் படியில் யார் நின்றார்கள்?"